திரும்பிப் போனது ஒதுக்கீடு. உங்களுக்குரிய கடன் அப்படியே நிற்கிறது

யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமப் பகுதியில் உள்ள கிராமம் ஒன்றின் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருக்கும் சகோதரி ஒருவர் ஆறு பக்கக் கடிதத்துடன் பன்னிரண்டு ஆவணங்களின் படங்களையும் சட்டத்தரணியான எனக்கு அனுப்பியிருக்கிறார். ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

2024 ஆம் ஆண்டில், தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இன்றிச் செயலாளரின் நிர்வாகத்தில் இருந்த பிரதேச சபை, 140 மீற்றர் நீளமான ஒழுங்கை ஒன்றுக்குக் கொங்கிறீற்று இடவும் ஒரு சிறு மதகு கட்டவும் இவர்களுடைய சங்கத்துடன் 18 இலட்சம் ரூபாவுக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்தது. முதற்கட்டமாக 6 இலட்சம் கிடைத்தது. ஐப்பசியில் தொடங்கிய வேலை, மழை விட்ட நாட்களில் மட்டும் நடந்து, மார்கழி (டிசெம்பர்) முதல் வாரத்தில் முடிந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து, அளவீட்டுப் புத்தகத்தில் பதிந்துவிட்டுப் போனார். ஆனால் இறுதிப் பில் கணக்குக் கிளையிலிருந்து, “இவ்வீதிக்கு ஏற்கெனவே நிதி வழங்கப்பட்டு வேலை முடிவுறுத்தப்பட்டுள்ளது” என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் திரும்பி வந்தது. இவர்களுடைய ஒழுங்கைக்கு ஓர் அம்மன் பெயர். அயல் கிராம அலுவலர் பிரிவில் இதே பெயரில் இன்னொரு ஒழுங்கை இருக்கிறது. அது 2022 இல் திருத்தப்பட்டது. தட்டச்சு செய்யப்பட்ட மதிப்பீட்டில், கிராம அலுவலர் பிரிவைக் குறிக்கும் ‘ஜே’ இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களும் இடம் மாறியிருந்ததால், இவர்களுடைய ஒழுங்கை காகிதத்தில் அந்த ஒழுங்கையாகிவிட்டது. பிழையைத் திருத்தும் கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்த மூன்று வாரத்துக்குள் டிசெம்பர் 31 வந்துபோனது, ஒதுக்கீடு திரும்பிவிட்டது.

சல்லியும் சீமெந்தும் கொடுத்த கடைக்கு இன்னும் 5 இலட்சம் பாக்கி. மேசன்மாருக்கும் கூலியாட்களுக்கும் கொடுப்பதற்காக இந்தச் சகோதரி தன் நகைகளை நாலரை இலட்சத்துக்கு அடைவு வைத்தார். ஊரில் சிலர் அவரே காசை விழுங்கிவிட்டார் என்று பேசுகிறார்கள். இந்நிலையில் உத்தியோகத்தர் ஒருவர் வாய்மொழியாக ஒரு வழி சொல்லியிருக்கிறார்: அதே ஒழுங்கைக்கு “வடிகால் புனரமைப்பு” என்று புதிய கோவை ஒன்று திறக்கலாம், சங்கம் இந்த ஆண்டுத் திகதியிட்டுப் பில் கொடுத்தால் போதும் என்று. கையெழுத்து வைக்கலாமா, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு எழுதுவதா, உயர் நீதிமன்றத்துக்குப் போவதா, அல்லது பணம் போனது போனதுதானா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புதிய கோவையில் கையெழுத்து வைக்காதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாக எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் பாதியில் மூடிவைக்க நேர்ந்தாலும் இந்த ஒன்று உங்கள் மனதில் நிற்கவேண்டும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது மதிப்பீட்டின் முதற்பக்கத்தை. வலது மேல் மூலையில் கிராம அலுவலர் பிரிவின் இலக்கம் பிழையாக இருக்கிறது. அதன்மேல் நீல மையால் யாரோ சரியான இலக்கத்தை எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் சுருக்கொப்பமும் இல்லை, திகதியும் இல்லை. ஆனால் அதே ஆவணத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒழுங்கையின் தொடக்கமும் முடிவும், மதகு அமையும் இடமும் கையால் வரைந்த படத்துடன் சரியாகவே குறிக்கப்பட்டுள்ளன. ஒப்பந்தத்தின் பொருள் எந்த நிலம் என்பதில் இரு தரப்புக்கும் ஐயம் இருக்கவில்லை என்பதற்கு அந்தப் படமும், அந்த இடத்திலேயே எடுக்கப்பட்ட அளவீடும் போதுமான சான்றுகள். எழுத்துப் பிழை ஒன்றினால் ஒப்பந்தம் வேறு ஊருக்கு இடம்பெயர்ந்துவிடாது.

பணம் திரும்பினால் உரிமையும் திரும்பிவிடுமா?

உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் “பணம் திரும்பிவிட்டதால் எங்களுக்கு இனி உரித்தில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். சபையில் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஒதுக்கீடு என்பது ஒரு நிதியாண்டுக்குள் இன்ன வேலைக்கு இவ்வளவு செலவழிக்கலாம் என்று சபைக்குக் கிடைக்கும் அதிகாரம் மட்டுமே. அந்த அதிகாரம் டிசெம்பர் 31 உடன் முடிகிறது. ஒப்பந்தப்படி வேலையைச் செய்து முடித்தவருக்குச் சபை கொடுக்கவேண்டிய கடன் அந்தத் திகதியுடன் முடிவதில்லை. அது ஆண்டிறுதிக் கணக்கில் செலுத்தவேண்டிய பொறுப்பாகக் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்தோ சபையின் சொந்த வருமானத்திலிருந்தோ தீர்க்கப்படவேண்டும். ஆதன வரி, முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்று சபைக்கென்று வருமானங்கள் உண்டு. தேவையானால் குறைநிரப்பு மதிப்பீடு ஒன்றை நிறைவேற்றவும் சபைக்கு வழி இருக்கிறது. எளிதில் செய்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. முடியாது என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது சரியல்ல என்றே சொல்கிறேன்.

ஆகவே முதலில் அறியவேண்டியது, 2024 டிசெம்பர் 31 ஆம் திகதிக்கான சபையின் நிதிக்கூற்றில் செலுத்தவேண்டியவர்களின் பட்டியலில் உங்கள் சங்கத்தின் 12 இலட்சம் இருக்கிறதா என்பது. இருந்தால், சபையே கடனை ஒப்புக்கொண்டதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. இல்லையென்றால், இலக்கப் பிழைக்கு மேலே இரண்டாவது பிழையும் நடந்திருக்கிறது. கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலர்களுக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் அதுவே முதல் வரியாக இருக்கவேண்டும். கணக்காய்வு வந்தால் “எங்களைத்தான் பிடிப்பார்கள்” என்று அஞ்சுகிறீர்கள். வேலை நடந்திருக்கிறது, அளவு பதிவாகியிருக்கிறது, உங்களுக்குக் கிடைத்தது ஒப்பந்தத் தொகையின் மூன்றில் ஒரு பங்கு. கணக்காய்வு உங்களுக்குத் துணையாகவே வரும்.

“அது முந்திய நிர்வாகத்தின் காலம்” என்று புதிய சபையில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முந்திய சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 இல் தேர்தல் நடந்து, ஜூன் மாதம் புதிய சபைகள் பதவிக்கு வந்தன. இடையில் சபைகள் இல்லாமற் போகவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபையை நீடித்த வழியுரிமையுள்ள கூட்டிணைக்கப்பட்ட அமைப்பாக ஆக்கியிருக்கிறது. தவிசாளர் மாறலாம், செயலாளர் மாறலாம். ஒப்பந்தத்தில் பதிந்த முத்திரை சபையுடையது. புதிய உறுப்பினர்கள் இதை அறிந்தே தட்டிக்கழிக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பதவிக்கு வந்தவுடன் பழைய கோவைகள் குவியலாகக் கையில் விழும்போது அப்படித்தான் பதில் வரும். உங்கள் வட்டார உறுப்பினரிடம் ஒப்பந்தத்தின் பிரதியைக் கொடுத்து, மாதாந்தக் கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த ஒழுங்கையால் தினமும் போய்வருகிறவர்கள் ஐம்பது பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் கூட இருந்தால் நல்லது.

செயலகம் வேறு, சபை வேறு

இதைச் சொல்லும்போது நீங்கள் மனம் வருந்தக்கூடாது. படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். நீங்கள் எழுதிய மூன்று நினைவூட்டல் கடிதங்களும் பிரதேச செயலகத்துக்கே போயிருக்கின்றன. பிரதேச செயலகம் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) கீழ், மத்திய அரசின் நிர்வாகத்தில் இயங்குவது. பிரதேச சபை உள்ளூராட்சி அமைப்பு. அதற்கு மேலே மாகாணத்தின் உள்ளூராட்சி ஆணையாளரும் அவருடைய உதவி ஆணையாளரும் இருக்கிறார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 15, உள்ளூராட்சி சபைகள் 17. எல்லைகள்கூட எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. ஒரே ஊருக்குள் ஒரு வீதிக்குச் செயலகத்தினூடாக நிதி வரும், அடுத்த வீதிக்கு மாகாணத்திலிருந்து சபையினூடாக வரும், பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியதாக இருக்கும். அந்தச் சிக்கலுக்குள்தான் உங்கள் ஒழுங்கையின் இலக்கமும் தொலைந்தது. செயலகத்துக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகளை எறிந்துவிடாதீர்கள். நீங்கள் வாளாவிருக்கவில்லை என்பதை அவை காட்டும். ஆனால் அடுத்த கடிதம் சபைச் செயலாளருக்கு, தவிசாளருக்கும் உதவி ஆணையாளருக்கும் பிரதியிட்டு, பதிவுத் தபாலில் போகவேண்டும்.

இங்கே என் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். வடக்கில் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்கிறது. நிதி பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில் வந்துசேர்கிறது. கணக்கு டிசெம்பர் 31 இல் மூடப்படுகிறது. வெயில் காயும் சித்திரையிலும் ஆனியிலும் கோவைகள் மேசையில் கிடக்க, வெள்ளம் நிற்கும் கார்த்திகையில் கொங்கிறீற்றுப் போடும்படி சங்கங்கள் நெருக்கப்படுகின்றன. “படங்கு பிடித்துக்கொண்டு நின்றுதான் மதகின் மேற்தட்டைக் கொட்டினோம், இரவு பத்து மணிக்கு அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் மட்டம் பார்த்தோம்” என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது, இருபது ஆண்டுகளாக இதே காலத்தில் இதே கதையைக் கேட்டுவருவது நினைவுக்கு வந்தது. ஆவணி மாதத்தில் தெரியவந்திருந்தால் ஒரு நாளில் திருத்தப்பட்டிருக்கக்கூடிய பிழை, மார்கழியில் தெரியவந்ததால் 12 இலட்சத்தை விழுங்கியது. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

பிழையைப் பொய்யால் திருத்தக்கூடாது

இப்போது அந்தப் புதிய கோவைக்கு வருகிறேன். அதைச் சொன்ன உத்தியோகத்தர் உங்கள்மேல் இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்பது என்ன என்று பாருங்கள்: செய்யாத வடிகால் வேலையைச் செய்ததாக, இல்லாத திகதியில், சங்கத்தின் பெயரில் நீங்கள் பில் கொடுக்கவேண்டும். உங்களுக்கு நியாயமாகச் சேரவேண்டிய தொகையே அது என்றாலும், ஆவணம் பொய்யானது. தண்டனைச் சட்டக்கோவையின்படி அது போலி ஆவணக் குற்றமாகலாம். பொதுச் சொத்துகளுக்கெதிரான தவறுகள் பற்றிய 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தால் பிணை எடுப்பதே பாடாகிவிடும். வாய்மொழியாக வழி சொன்னவரின் பெயர் எந்தத் தாளிலும் இராது. உங்கள் கையெழுத்து இருக்கும். அதோடு, இன்று உங்கள் கையில் இருக்கும் உண்மையான 12 இலட்சம் ரூபாக் கடனை அந்தப் பொய்ப் பில் கெடுத்துவிடும். நாளை சபையின் சட்டத்தரணி, “இவர்களுக்கு வேறு கோவையில் பணம் கொடுத்தாயிற்று” என்று எழுந்து நின்றால் நான் என்ன பதில் சொல்வேன்?

யாரும் திரும்பவும் கேட்டால், “சங்கக் கூட்டத்தில் வைத்துத்தான் சொல்லமுடியும், எழுத்தில் தாருங்கள்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எழுத்தில் வராது.

இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவைப் பொறுத்தவரை, நீங்கள் அனுப்பிய எந்தத் தாளிலும் ஒருவர் பணம் கேட்டதற்கோ வாங்கியதற்கோ அடையாளம் இல்லை. கவனயீனம் தெரிகிறது, பிழையைத் திருத்தியவர் கையெழுத்து வைக்கத் துணியாத கோழைத்தனம் தெரிகிறது. அவை ஊழல் என்று ஆகா. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டத்தில், பொய்யென்று தெரிந்தே குற்றம் சாட்டுவது தனியொரு தவறு. முகநூலில் பெயர் குறித்து எழுதுவதாக உங்கள் மகன் சொன்னாரென்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டாலும், மானநட்டத்துக்குக் குடியியல் வழக்கு வைக்க இன்றும் முடியும். மகனைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்.

தகவல் கேட்கும் உரிமை

உங்கள் கையில் உள்ள வலுவான கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, விண்ணப்பக் கட்டணம் இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. தமிழிலேயே எழுதுங்கள், வடக்கில் நிர்வாக மொழி தமிழ். சபையின் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, கீழ்வருவனவற்றின் பிரதிகளைக் கேளுங்கள்:

1. உங்கள் ஒப்பந்தம், மதிப்பீடு, அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பில்லைத் திருப்பியனுப்பிய குறிப்பு.
2. இலக்கத் திருத்தம் தொடர்பாகச் சபைக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வந்த கடிதங்கள், ஒவ்வொன்றும் பெறப்பட்ட திகதியுடன்.
3. 2024 டிசெம்பர் 31 இல் செலுத்தவேண்டியவர்களின் பட்டியல். ஒதுக்கீடு திருப்பப்பட்டதற்கான கடிதம்.

“ஏன் பணம் தரவில்லை?” என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அது விளக்கம் கேட்பது. சபையின் கையில் இருக்கும் ஆவணத்தைக் கேட்டால்தான் தட்டிக்கழிக்க முடியாது. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாங்க மறுப்பதே ஒழுக்காற்று நடவடிக்கைக்கு இட்டுச்செல்லக்கூடிய தவறு. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதில் வராத நாட்களையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பலர் தோற்பது இந்த 14 நாட்களைத் தவறவிட்டுத்தான்.

நீதிமன்றம்

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யப்படவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. நீங்கள் அப்படி முறையிடவில்லை. ஆகவே 2024 இல் நடந்ததற்காக இப்போது அங்கே போகமுடியாது. இனிமேல் சபை எழுத்தில் மறுத்தால், அந்தக் கடிதம் கிடைத்த அன்றே எனக்கோ வேறொரு சட்டத்தரணிக்கோ தெரிவியுங்கள். மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது பொது அமைப்பொன்று தன் கடமையைச் செய்யும்படி நீதிமன்றம் இடும் கட்டளை, கேட்கலாமென்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தக் கடனை அறவிடுவதற்கு எழுத்தாணை பொதுவாக உதவாது.

உங்களுக்குரிய வழி மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்கு. எழுத்து ஒப்பந்தத்துக்குக் காலவிதிப்பு எல்லை, அதாவது வழக்கு வைப்பதற்கான கால எல்லை, ஆறு ஆண்டுகள் என்பதால் காலம் இருக்கிறது. ஆனால் பிரதேச சபைகள் சட்டம் ஒரு மாத எழுத்து முன்னறிவித்தல் கேட்கிறது. சபையின் செயல்கள் குறித்த வழக்குகளுக்கு ஆறு மாதக் குறுகிய எல்லையும் அதில் இருக்கிறது. உங்கள் கோரிக்கை ஒப்பந்தத்திலிருந்து எழுவதால் அந்த எல்லைக்குள் அது அகப்படாது என்று நாம் வாதிடுவோம். எதிர்த்தரப்பு மாறாக வாதிடும். இன்னொரு தடை, சங்கத்துக்குத் தன் பெயரில் வழக்காடும் தகுதி உண்டா என்பது. இல்லையெனத் தீர்ந்தால் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16 ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதியுடன் அங்கத்தவர் சார்பில் ஒருவர் வழக்கிடலாம். பதிவுச் சான்றிதழையும் யாப்பையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஒப்பந்தமே செல்லாது என்று சபை சொன்னாலும், உங்கள் சீமெந்தில் போட்ட ஒழுங்கையை ஊர் பயன்படுத்திக்கொண்டிருக்க, அதற்கான பெறுமதியைக் கொடுக்காமல் விட நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் இலகுவில் இடங்கொடாது. என்றாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். முதலில் கடிதமும் தகவல் விண்ணப்பமும் கணக்காய்வும். ஐந்தாறு மாதத்தில் அசைவில்லையென்றால் முன்னறிவித்தல்.

நகையும் ஊர்ப்பேச்சும்

இதைக் கடைசியாக எழுதினாலும் உங்கள் கடிதத்தில் அதிகம் வலித்த பக்கம் இதுதான். நீங்கள் நாலரை இலட்சம் போட்டது சங்கத்தின் எந்தக் கூட்டறிக்கையிலும் இல்லை. அதனால்தான் வாய்கள் திறக்கின்றன. உடனே பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். வரவு 6 இலட்சம், செலவு இவ்வளவு என்று பற்றுச்சீட்டுகளுடன் வாசியுங்கள். கடைக்காரரையும் மேசனையும் வரச்சொல்லுங்கள். பொருளாளர் தன் சொந்தப் பணம் நாலரை இலட்சத்தைச் சங்கத்துக்குக் கடனாகத் தந்தார், சபையிலிருந்து வரும் முதற்பணத்தில் அது அடைவு வட்டியுடன் திருப்பப்படும் என்று தீர்மானம் எழுதி, தலைவரும் செயலாளரும் ஒப்பமிடட்டும். அந்தத் தீர்மானம் இல்லாமல் நாளை 12 இலட்சமும் வந்தாலும், உங்கள் நகைக்கு அதிலிருந்து ஒரு சதம் எடுக்க உங்களுக்குக் கையில் ஆதாரம் இராது.

கடைக்காரரின் சிட்டையில் சங்கத்தின் பெயரா, உங்கள் பெயரா இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரென்றால், அந்தப் பாக்கிக்கு அவர் உங்களைத்தான் கேட்கமுடியும். சங்கத்தின் கடனாக எழுத்தில் மாற்றிக்கொள்ள அவர் சம்மதிப்பாரா என்று பேசிப்பாருங்கள். வேலை நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அடைவுச் சிட்டையின் படத்தில் மடிப்பு விழுந்து தவணைத் திகதி மறைந்திருக்கிறது. அந்தத் திகதியை இன்றே எடுத்துப் பாருங்கள். வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும். ஒப்பந்தத்தின் மூலப்பிரதியை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், போட்டோப்பிரதி மட்டும் கொடுங்கள். தவணைத் திகதியையும் சங்க யாப்பையும் அடுத்த கடிதத்தில் எதிர்பார்க்கிறேன்.